ஓடைக்கும் கரை வேண்டும்

நெசவாளருக்குக் கரை என்றால் சேலையின் கரை. உழவருக்குக் கரை என்றால் ஓடையின் கரை. ஒரே சொல் இரு தொழிலாருக்கும் பொதுவாய் அமைந்திருப்பது மிகவும் பொருத்தமே. ஓரம் உறுதியாக நெய்யப்படாத சேலை நாலு சலவைக்குள் நூல் நூலாகப் பிரிந்துவிடும். கரை உறுதியில்லாத ஓடையும் அப்படித்தான். ஒவ்வோர் ஐப்பசிப் பெருமழைக்கும் வயலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அந்த மண்ணைக் கொண்டுபோய் அணையில் சேர்த்துவிடும். சேலைக்குக் கரை நெய்ய நம் நெசவாளர்கள் எவரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஓடைக்குக் கரை அமைப்பது எப்படி என்பதைப் பற்றியே நம் சங்க அங்கத்தினர்கள் அனைவரும் இம்மாதம் சிந்திக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

நம் பகுதியின் உயிர்நாடி அர்ஜுனா நதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், வத்திராயிருப்புப் பக்கத்து ஓடைகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு கரிசல் பூமியில் இறங்கும் இந்நதியை ஆனைக்குட்டத்தில் ஓர் அணை தேக்குகிறது. அதற்கும் கீழே கோல்வார்பட்டியில் இன்னோர் அணை. பின்னர் அது வைப்பாற்றோடு கலந்து, தூத்துக்குடி மாவட்டத்தின் வழியே சென்று மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆனைக்குட்டத்து நீர் ஆயக்கட்டு வயல்களுக்கு மட்டும் உரியதன்று. விருதுநகர்ப் பட்டணத்தார் குடிக்கும் நீரிலும் அதற்குப் பங்குண்டு. ஆகவே இந்த நதியின் நலம் கரையோரத்து உழவருடைய கவலை மட்டுமல்ல. தறியில் அமர்ந்திருப்பவருக்கும் கடையில் அமர்ந்திருப்பவருக்கும் உரிய கவலையாகும்.

இந்த நதியின் வழியை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். மேலே மலைக்காடு. 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் மலைக்காட்டுக்கு வனத்துறையின் காவல் வலுத்திருக்கிறது. கீழே அணை. அதற்கு நீர்வளத் துறை பொறுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே நம் வயல்களின் ஊடே ஓடும் வாய்க்கால்கள், வாரிகள், ஓடைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பொறுப்பாளர் யார்? சட்டப்படி புறம்போக்கு சர்க்காருடையது; பட்டா நிலம் உழவருடையது. ஆனால் இரண்டும் சந்திக்கும் அந்தக் கரையைக் கவனிப்பார் எவருமில்லை. நதிக்கு வரும் கேட்டில் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியில்தான் தொடங்குகிறது.

மண் போகும் வழி

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. புரட்டாசியில் உழுது, பருத்தியோ மக்காச்சோளமோ விதைத்து, பயிர் இரண்டு இலை விட்டிருக்கும் வேளையில் ஐப்பசி அடைமழை இறங்குகிறது. நிலத்தை மூடப் பயிர் இன்னும் வளரவில்லை. கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், முதல் மழையை வெடிப்புகளின் வழியே மடமடவென்று குடிக்கும். நனைந்து உப்பியபின் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அப்புறம் பெய்வதை உள்ளே விடாது. அந்நீர் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு ஓடும்.

ஒரு சிறு கணக்கு. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, அதாவது ஒரு கெட்டி அட்டையின் கனத்துக்கு, மண் கரைந்து போனால் அது 4 கன மீட்டர். நாம் பேசும் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட்; எடையில் ஐந்து டன்னை ஒட்டி வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டருக்கே இவ்வளவு. போவது வெறும் மண்ணுமன்று. நாம் கடன் வாங்கிப் போட்ட உரத்தின் மணிச்சத்து அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகிறது. தழைச்சத்து நீரில் கரைந்து போகிறது. தெளித்த பூச்சி மருந்தின் மிச்சமும் கூடவே போகிறது. பிறகு கோடையில் கண்மாயிலிருந்து கரம்பை மண் அள்ள அனுமதி கேட்டு, டிராக்டருக்கு வாடகை கொடுத்து வயலுக்கு அடிக்கிறோம். நம் வயலிலிருந்து இலவசமாகப் போன மண்ணையே காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

ஆனைக்குட்டம் அணையின் ஷட்டர்களில் நீர் கசிகிறது என்ற குறை பல ஆண்டுகள் பத்திரிகைகளில் அடிபட்டது. அது கண்ணுக்குத் தெரிந்த கசிவு. ஆகவே கூட்டங்களில் பேசினோம், மனுக்கொடுத்தோம். அணையின் வயிற்றில் படியும் வண்டலோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கன மீட்டர் வண்டல் படிந்தால் ஒரு கன மீட்டர் நீருக்கு அங்கே இடமில்லை. ஷட்டரை மாற்றிவிடலாம். தூர்ந்துபோன அணையைத் தூர் வாருவதற்கு ஆகும் செலவு எளிதில் கட்டுப்படியாகாது.

பசுங்கரை என்பது யாது?

இதற்கு உலகெங்கும் கைகண்ட பரிகாரம் ஒன்று உண்டு. ஓடைக்கும் பயிருக்கும் இடையே சில அடி அகலத்துக்கு உழவு ஓட்டாமல் விட்டு, அதில் புல்லும் செடியும் மரமும் வரிசையாக வளர்ப்பது. இதைப் பசுங்கரை என்று அழைப்போம். அது செய்யும் வேலை எளிதில் விளங்கக்கூடியது. வயலிலிருந்து வேகமாக வரும் நீர் நெருக்கமான புல்லில் மோதி வேகம் தணிகிறது. வேகம் தணிந்த நீர் மண்ணைச் சுமக்க மாட்டாது, அங்கேயே இறக்கிவிடும். புல்லின் வேர் திறந்துவைத்த துளைகளின் வழியே நீரில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும். அதனோடு இறங்கிய உரச்சத்தை வேர்கள் உண்ணும். ஈர மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைக் காற்றாக மாற்றிவிடும். மரத்தின் வேர்கள் கரையை வலைபோலப் பற்றிக்கொள்வதால் வெள்ளம் அரித்துக் கரை சரிவது குறையும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பேர் கிரீக் என்ற ஓடை, நம் ஓடைகளைப்போலவே முழுக்க முழுக்க விளைநிலங்களின் ஊடே ஓடுவது. அங்கே 1990ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் நிலத்தில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் பசுங்கரை நட்டு ஆராயத் தொடங்கினர். 2003ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய அளவீட்டின்படி, ஏறத்தாழ 23 அடி அகலமுள்ள புற்கரை மட்டுமே வழிந்துவந்த வண்டலில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுத்தது. நைட்ரேட்டில் 62 பங்கைப் பிடித்தது. புல்லோடு செடியும் மரமும் சேர்ந்து 53 அடி அகலமாக அமைந்த கரை, வண்டலில் 97 பங்கையும் நைட்ரேட்டில் 85 பங்கையும் நிறுத்தியது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும்: மண்ணைத் தடுக்கக் குறுகிய புற்கரையே பெரும்பாலும் போதும்; கரைந்துபோன உரத்தைப் பிடிக்க அகலமும் ஆழ்ந்த வேரும் வேண்டும்.

அந்தக் கணக்கை அப்படியே நம்மூருக்குப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஓடையில் ஆண்டில் பெரும்பகுதி நீர் உண்டு. கரை மண் ஈரமாகவே இருக்கும். நம் ஓடைகளோ மழைக்காலம் போனால் வறண்டுவிடும். ஆகவே நைட்ரேட்டை மாற்றும் வேலை இங்கே அவ்வளவு நடவாது. மண்ணைத் தடுப்பதும் கரையைக் காப்பதுமே நமக்கு முதற்பயன். அந்த முதற்பயன் ஒன்றே ஆனைக்குட்டத்தைக் காக்கப் போதிய காரணமாகும்.

நமக்குப் புதிதன்று

இது மேல்நாட்டுச் சரக்கு என்று எவரும் ஒதுக்க வேண்டாம். கண்மாய்க் கரைகளில் வரிசையாகப் பனை வைத்த நம் முன்னோர் இந்தக் காரியத்தையே செய்தனர். பனையின் சல்லிவேர் கரை மண்ணைக் கட்டும். அதன் நிழல் பயிரை அதிகம் வாட்டாது. 1978ஆம் ஆண்டு மாநில மரமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பனையை நாமே சூளைக்கு வெட்டி அனுப்பிவிட்டோம். வெட்டிவேரின் கதையும் இத்தகையதே. 1980களில் உலக வங்கியின் மண்காப்பு நிபுணர்கள் அதை உலகெங்கும் பரப்பினர். ஆனால் மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வயல் எல்லையில் அதை வேலியாக நட்டு வந்திருக்கின்றனர். ஆங்கிலத்தில் இன்று அந்தப் புல்லுக்கு வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்தான். மூன்று மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கும் அதன் வேர், பக்கத்துப் பயிரோடு போட்டியிடுவதில்லை.

எதை எங்கே நடுவது? நீரை ஒட்டிய வரிசையில் மருது, நாவல், புங்கு. நதியின் பெயர் எவ்வாறு வந்ததாயினும், வடமொழியில் அர்ஜுனம் எனப் பெயர்பெற்ற மருதமரம் அர்ஜுனா நதிக்கரையில் நிற்பது பொருத்தந்தானே? நடு வரிசையில் நொச்சியும் ஆடாதொடையும். இவற்றை ஆடு கடிப்பதில்லை. பயிரை ஒட்டிய வெளி வரிசையில் வெட்டிவேரும், வறட்சி தாங்கி மாட்டுக்குத் தீவனமும் ஆகும் கொழுக்கட்டைப் புல்லும். பனை விதைகளை மேட்டில் இடைவெளி விட்டு ஊன்றலாம். இத்தகைய கரையில் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தங்கி, பயிரைக் கெடுக்கும் அசுவினியையும் புழு முட்டைகளையும் தின்னும்; தேனீக்கும் இடமுண்டு. ஆனால் பருத்தி விவசாயிகள் ஒன்றை மறக்கலாகாது. துத்தியும் பார்த்தீனியமும் அங்கே தலையெடுக்க விடக்கூடாது. பருத்தியின் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் அவற்றில்தான் பருவம் மாறும்வரை ஒதுங்கியிருக்கும்.

ஆட்சேபங்கள்

நிற்க. அங்கத்தினர்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்களைப் பார்ப்போம். அவை அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல.

முதலாவது, நிலம் போகிறதே என்பது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஓடையோரம் 200 அடி நீளம் என்று கொள்வோம். 20 அடி அகலம் விட்டால் ஒன்பது சென்ட்டுக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அதுவும் வெள்ளம் புகுந்து விளைச்சல் நிச்சயமில்லாத ஓரம். எனினும் ஏழைக்கு ஒன்பது சென்ட்டும் சொத்தே. ஆகவே, தியாகம் செய் என்று அவரிடம் உபதேசிப்பது நியாயமன்று. இதைப் பற்றிக் கீழே கூறுவோம்.

இரண்டாவது, புதர் வளர்த்தால் காட்டுப்பன்றி வந்து மக்காச்சோளத்தையும் கடலையையும் அழிக்கும் என்பது. இது உண்மையான பயம். ஆனால் பன்றி இப்போது எங்கே தங்குகிறது? ஓடைக்குள் அடர்ந்து கிடக்கும் சீமைக் கருவேலத்தில்தானே? பசுங்கரை என்பது நுழைய முடியாத புதர்க்காடு அன்று. முழங்கால் உயரப் புல்லும், அடிக்கிளை கழித்த மரமும், கவாத்துச் செய்த செடியுமே. பராமரிப்பில்லாவிட்டால் அதுவும் புதராகும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆகவே, ஆண்டுக்கு இருமுறை வெட்டித் திருத்த ஆள் இல்லையென்றால் நடாமலிருப்பதே மேல்.

மூன்றாவது, சீமைக் கருவேலமே கரையைப் பிடித்திருக்கிறதே, அது போதாதா என்பது. அது கரையில் மட்டும் நிற்பதில்லை. ஓடைக்குள் இறங்கி, வெள்ளத்தின் வழியை மறித்து, எதிர்க்கரையை அறுக்க வைக்கிறது. தன்னடியில் புல்லை முளைக்க விடுவதுமில்லை. 2017ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி அதை வெட்டும் வேலை பல மாவட்டங்களில் நடந்தது. 2022ஆம் ஆண்டு அரசும் அந்நிய மரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு பெயர்க்காவிட்டால் மறுபடி துளிர்க்கும்; பெயர்த்தபின் வேறெதுவும் நடாவிட்டால் வெறுங்கரை அடுத்த வெள்ளத்தில் சரியும். ஆகவே பெயர்க்கிற இடத்தில் அந்தப் பருவத்திலேயே நட வேண்டும். அந்த விறகிலும் கரிமூட்டத்திலும் பிழைப்பவர்களும் நம்மூர் ஜனங்களே. முழு ஓடையையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் படிப்படியாகச் செய்தால் அவர்கள் பிழைப்புக்கும் பழுதில்லை, கரைக்கும் பழுதில்லை.

நான்காவது, ஆடு மேய்ப்போர் கேட்பது: எங்கள் தடத்தை அடைத்துவிட்டால் எங்கே போவோம்? அவர்களைக் கேட்காமல் நடும் கன்று ஒரு கோடைக்குக்கூட நில்லாது. தண்ணீர்த் துறைக்கு இன்ன இடத்தில் வழி, இன்ன மாதத்தில் புல் அறுப்பு என்று அவர்களையும் அமர்த்திப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பசுங்கரையால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிடுவோம். குழாய் வழியாகவும் சாக்கடை வழியாகவும் நேரே ஆற்றில் வந்து விழும் கழிவை எந்தப் புல்லும் தடுக்காது. விருதுநகரைத் தொட்டு ஓடும் கௌசிகா நதி பட்டணத்துக் கழிவுநீரைச் சுமந்து குல்லூர்ச்சந்தை அணைக்குப் போகிறது. அதற்குச் சுத்திகரிப்பு நிலையந்தான் மருந்து. தொழிற்சாலைக் கழிவுக்கும் நம் சாயப்பட்டறைக் கழிவுக்கும் அதுவே மருந்து. உழவர் கரையை விட்டுக்கொடுக்கையில், நெசவாளர் சாயத் தண்ணீரை ஓடையில் விடாமல் காப்பது தம் பங்குக் கடமை என்பதை மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். வண்டலும் அழுக்குமற்ற நீர் கிடைத்தால்தான் நூலில் சாயம் சீராகப் பிடிக்கும் என்பது அவர்கள் அறியாததா?

யார் தருவது, யார் பெறுவது?

இப்போது பிரதான விஷயத்துக்கு வருவோம். பசுங்கரைக்கு நிலம் கொடுப்பவர் மேட்டு நிலத்து உழவர். பயன் பெறுபவரோ கீழே ஆயக்கட்டில் இருப்பவரும், பட்டணத்தில் குழாயைத் திறப்பவரும். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்னும் இந்த முடிச்சினால்தான் இந்த நல்ல காரியம் தனி மனிதரால் நடவாமற் போகிறது. மேலும் ஒருவர் மட்டும் கரை அமைத்து அடுத்தவர் விட்டுவிட்டால், வெள்ளம் விட்ட இடத்தில் புகுந்து அறுத்துக்கொண்டு போகும். சேலையின் கரையில் ஒரு சாண் விட்டு நெய்தால் அந்தச் சேலையை யார் வாங்குவார்?

இந்த முடிச்சை அவிழ்க்க அமெரிக்காவில் இரண்டு வழிகளைக் கைக்கொண்டனர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாகுபடியிலிருந்து நிலத்தை ஒதுக்கும் விவசாயிக்குச் சர்க்கார் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு வாடகை கொடுக்கிறது. மின்னசோட்டா மாநிலமோ 2015ஆம் ஆண்டில், பொது நீர்நிலைகளின் கரையில் சராசரி 50 அடி அகலம் பசுமையாக விடவேண்டுமென்று சட்டமே இயற்றியது. விவசாயிகளிடையே அதற்குப் பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. பணம் ஒரு வழி, கட்டாயம் ஒரு வழி. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது நம் கையில் இருக்கிறது. அதுதான் கூட்டுறவு.

நமக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, 1945ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுத்துக்கொண்டு எதுவும் திருப்பிக் கொடாத வாழ்வையும், கொடுத்து வாழும் வாழ்வையும் பிரித்துக் காட்டினார். ஓடையிடமிருந்து நாம் நெடுங்காலமாக எடுத்துக்கொண்டேயிருக்கிறோம். மணலை எடுத்தோம், மரத்தை எடுத்தோம், கரையையும் உழுது எடுத்தோம். திருப்பிக் கொடுக்கத் தனி ஒருவரால் முடியாது, சங்கத்தால் முடியும்.

ஆகவே நம் நிர்வாகக் கமிட்டிக்கும் பொதுச்சபைக்கும் பின்வரும் யோசனையைச் சமர்ப்பிக்கிறோம். ஆனைக்குட்டத்துக்கு மேலே ஏதேனும் ஓர் ஓடையில் ஒரே ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுப்போம். இரு கரையிலும் 20 அடி என்றால் மொத்தம் மூன்று ஏக்கர்தான். முதலில் சர்வேயரைக் கொண்டு ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நடுவோம். 20 அடியில் எவ்வளவு புறம்போக்கு, எவ்வளவு பட்டா என்பது அப்போதுதான் தெரியும். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கையில் புறம்போக்கைப் பயிரிட்டவர் அதற்கு இழப்பீடு கேட்க இயலாது. புறம்போக்கில் நடுவதற்குச் சங்கமும் துறையின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பட்டா நிலம் விட்டவருக்கு, கரை வேர் பிடிக்கும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு, இழந்த மகசூலின் ஒரு பங்கைச் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து கொடுப்போம். கரையில் விளையும் புல்லும் காயும் நிலத்துக்குரியவருக்கே சேரட்டும். கன்றுகளை, வேளாண்மைத் துறையும் வனத்துறையும் விவசாயிகளுக்குக் கன்று வழங்கும் திட்டங்களின் வழியே கேட்டுப் பெறலாம்.

பலன் உண்டா என்பதையும் நாமே அளந்து பார்ப்போம். வெள்ளம் வரும் நாளில் கரை நட்ட வயலின் வழிநீரிலும், நடாத வயலின் வழிநீரிலும் ஒரே அளவான கண்ணாடிப் பாட்டிலில் நீர் மொண்டு, தெளியவைத்து, அடியில் தங்கும் மண்ணை அளந்தால் போதும். புல் வரிசையின் ஓரத்தில் அளவு குறித்த கட்டைகளை அறைந்து வைத்தால், எவ்வளவு வண்டல் படிந்தது என்பதை அடுத்த தையில் எந்தச் சிறுவனும் படித்துச் சொல்வான். மூன்று ஆண்டுகளின் கணக்கைச் சங்கத்துப் பலகையில் எழுதி வைப்போம். நஷ்டமென்று கண்டால் நிறுத்திவிடலாம். லாபமென்று கண்டால் அடுத்த கிலோமீட்டர்.

புரட்டாசிக்கு முன் அளவு முடிந்து, நாற்று தயாராகி, முதல் மழையில் நட்டால்தான் கன்று கோடையைத் தாங்கும். ஆகவே அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே இந்த யோசனையைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஓடையோரத்து நிலக்காரர்கள் மட்டுமல்ல, நெசவாளப் பிரதிநிதிகளும் ஆடு வளர்ப்போரும் அக்கூட்டத்துக்குத் தவறாமல் வந்து தத்தம் அபிப்பிராயத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.